ஏழாயிரம்பண்ணைக்குக் கம்பி தேடிப் போன பயணம்

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். பட்டாசு கம்பெனிகளில் தீபாவளி ஆர்டர்கள் குவிந்திருந்த நேரம். மதுரையில் நர்சாக இருந்த நான் ஏழாயிரம்பண்ணைக்குக் கிளம்பினேன், ஊர் பார்க்க அல்ல. எங்கள் ஆஸ்பத்திரியில் கால் ஆபரேஷன் செய்துகொண்ட அன்னம், கம்பி எடுக்க வரச்சொன்ன நாளில் வரவில்லை. "லீவுக்கு அந்தப் பக்கம்தானே போறே, கையோடு கூட்டிட்டு வந்திடு" என்றார் டாக்டர். என் லீவு அவருக்கு அவ்வளவு இளப்பம்.

அன்னத்துக்கு இரண்டு கால்களிலும் பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அடிமுட்டு புடைத்திருந்தது. வலது காலில் எலும்பை வெட்டி நேராக்கி, அசையாதிருக்க ஓர் எஃகுக் கம்பியை விரல் நுனி வழியாகச் செருகியிருந்தார்கள். அதன் முனை கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எலும்பு கூடியதும் இன்னோர் ஆபரேஷன் இல்லாமலே உருவிவிடலாம் என்பதுதான் அதில் சௌகரியம்.

மதுரையிலிருந்து சாத்தூர் நாற்பத்தைந்து மைல். விருதுநகரில் பஸ் நிற்கும்போதே காபி குடித்துவிடுங்கள். ஆடி வெள்ளியில் போகாதீர்கள், இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கூட்டத்தில் கால்வைக்க இடமிருக்காது. சாத்தூரிலிருந்து பத்து மைல் சொச்சம், எட்டணா டிக்கெட்.

அன்னம் வீட்டில் பூட்டு தொங்கியது. "கம்பெனிக்குல்லா போயிருக்கா. சீசன்ல வீட்ல உக்காந்திருக்க முடியுமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கட்டுப்போட்ட காலோடா! நன்றாகத் திட்டவேண்டும் என்று விறுவிறுவென நடந்தேன்.

பட்டாசு கம்பெனி வாசலில், அன்னத்தைப் பார்க்க வந்த நர்ஸ் என்றேன். காவல்காரர் என் கொண்டை ஊசி, வாட்ச், செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்தார்.

"செருப்புமா?"

"அதுல ஆணி இருக்குமில்லா சிஸ்டர். தரையில உரசி ஒரு பொறி விழுந்தா அம்புட்டு பேரும் போயிருவோம்."

அன்னத்தின் விரலில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி நினைவுக்கு வந்தது.

"அன்னத்தைச் சோதிச்சீங்களா?"

"மெட்டியக் கழட்டித் தந்துட்டுத்தான் போனா."

கம்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. போர்மேன் ஓடிவந்தார். மருந்து அடைக்கும் அறை வாசலில் நின்று, மெல்லிய குரலில், "அன்னம், கால அசைக்காத. அப்படியே இரு" என்றார்.

கட்டு நைந்து, கம்பி முனை சிமென்ட் தரைக்கு ஒரு விரற்கடை மேலே மினுங்கியது. சுற்றிலும் கருமருந்துத் தட்டுகள். பக்கத்தில் அவள் மகள் செல்வி. இரண்டு பெண்கள் அன்னத்தை அலாக்காகத் தூக்கி, வாசல் தாண்டி வேப்பமரத்தடியில் இறக்கினார்கள். திறந்த வயிற்றைப் பார்த்தே பயப்படாதவள் நான். அன்று அந்தக் கால் அங்குல முனைக்குப் பயந்து, அதைக் கைக்குட்டையால் சுற்றிக் கட்டினேன்.

"டாக்டரு வச்சதுல்லா சிஸ்டர், அத இரும்புன்னே நெனக்கலியே" என்றாள் அன்னம்.

மறுநாள் மதுரையில் டாக்டர் கம்பியை உருவினார். இடது காலுக்கு வேறு வழி பேசினார். சின்னத் திருகாணி என்றால் நல்ல பிடிமானம். சதைக்குள் புதைந்திருக்கும், எடுக்கவே வேண்டாம். எலும்பில் துளையிட்டு நூலால் கட்டினால் பிடி குறைவு. மாவுக்கட்டோடு வெகுநாள் படுத்திருக்க வேண்டும். எது நல்லது என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். உங்கள் வேலை என்னவென்று முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், அவராகக் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.

"திருகாணிதான் நல்லது, அது வெளியே வரவே வராது" என்று டாக்டர் அடித்துச் சொன்னார்.

"நூலே போதும்யா" என்றாள் அன்னம். "வராதுன்னு நீங்க சொல்லுதீக. மருந்து ரூம்ல என் பக்கத்துல எம் மகள்லா உக்காந்திருக்கா."