மணலுக்கு இறக்கிய காற்று

என் பேட்டரி வண்டி திருநள்ளாறு தாண்டி, இரண்டு பக்கமும் வயல் மட்டும் இருக்கிற இடத்தில் பொசுக்கென்று நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னால் ஐஸ் பெட்டியில் கொடுவா மீனும் வஞ்சிரமும் கிடந்தன. அம்பகரத்தூரில் ஒரு வீட்டில் புது மாப்பிள்ளைக்கு மறுவீட்டு விருந்து. "உன்னைத்தாம்மா நம்பியிருக்கேன், மசாலா அரைச்சு வெச்சுட்டுக் காத்திருப்பேன்" என்று அந்த வீட்டு அம்மா முதல்நாளே போன் போட்டிருந்தார்.

எங்கள் பட்டினச்சேரிக் கடற்கரையில் கிளம்பும்போது சார்ஜ் முழுசாகக் காட்டியது, என் கண்ணால் பார்த்தேன். இதே வண்டி முன்பெல்லாம் விழிதியூர், அம்பகரத்தூர் எல்லாம் சுற்றி வீடு திரும்பியும் மிச்சம் வைத்திருக்கும். ஒரு மாதமாகத்தான் இந்தக் கூத்து. வண்டி விற்ற கடைக்குப் போன் போட்டு, "பேட்டரின்னு சொல்லி எதைய்யா என் தலையில கட்டுனீங்க?" என்று நான் கத்திய கத்தலில், வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஐஸ் உருகிச் சொட்ட ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கரையில் படகுகளை டிராக்டரில் கட்டி மணல்மேல் இழுத்து ஏற்றுகிறவர். கூட்டாளியின் மினி வேனை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இறங்கியதும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், குனிந்து என் வண்டிச் சக்கரத்தை அமுக்கினார்.

"டயரு நல்லாத்தானே இருக்கு? அளவாத்தான் காத்து எறக்கி வெச்சிருக்கேன்."

"என்னது?"

"மணல்ல புதையாம இருக்க டிராக்டருக்கு எறக்குற மாதிரிதான். கரையில மீன் ஏத்தும்போது புதையுது, புதையுதுன்னு நீதானே புலம்புன? அதான் போன மாசம் டயரு மாத்துறப்ப அகலமா, முண்டு முண்டா இருக்கறதாப் பாத்துப் போட்டேன். வாராவாரம் கொஞ்சம் காத்தையும் எறக்கிடுவேன்."

அட பாவி மனுஷா! காற்று இறங்கிய சைக்கிளை மிதித்தவர்களுக்குத் தெரியும், தொடை கழன்றுவிடும். தார் ரோட்டில் அந்தப் பாட்டைத்தான் ஒரு மாதமாக என் பேட்டரி பட்டிருக்கிறது. ஒன்றும் அறியாத கடைக்காரரை நான் திட்டித் தீர்த்திருக்கிறேன். கோபம் பொங்கிக்கொண்டு வருகிறது, ஆனால் எனக்காகச் செய்த மனுஷனை என்னவென்று சொல்லித் திட்ட?

மீனையும் வண்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். அந்த அம்மா பெட்டியைத் திறந்தார், செவுளைத் தூக்கிப் பார்த்தார், மூடினார்.

"கோழி அடிச்சிட்டோம்மா."

அவ்வளவுதான் சொன்னார். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர் வேன் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மறுநாள் பழைய மாதிரி டயரையே போட்டு, காற்றைக் கல்லு மாதிரி அடித்துக் கொண்டுவந்தார். "இனிமே வண்டி மணல்ல எறங்க வேணாம். தார் ரோட்டுலயே நிறுத்து" என்றார்.

"அப்ப பெட்டியை யாரு, உங்க தாத்தாவா தூக்கியாருவாரு?"

அவர் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தார், மீன் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தார், நடந்தார். எங்கள் கரையில் மீனைத் தலையில் சுமப்பது பொம்பளை வேலை. வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள், "என்ன மாப்ளே, புடவையும் வாங்கித் தரட்டுமா?" என்று சிரித்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் போனேன்.

அன்றைக்கு அம்பகரத்தூர் போய்த் திரும்பியும் வண்டியில் சார்ஜ் மிச்சம் இருந்தது. அந்த வீட்டு அம்மா மட்டும் இன்றுவரை என்னைக் கூப்பிடவில்லை. பெட்டியை இன்றும் என் வீட்டுக்காரர்தான் சுமக்கிறார். கொடுங்க என்று கேட்டாலும் தருவதில்லை.