நாயோடு நடந்த மிஸி

சாவகச்சேரியில் நாங்கள் தஞ்சமடைந்திருக்கும் பள்ளிக்கூடத்தில், தண்ணீர் வரிசையில் குடத்தோடு நின்றபோதுதான் நேசம் அக்கா இறந்த செய்தி வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த மணியண்ணை கொடிகாமத்திலிருந்து சைக்கிள் உழக்கி வந்திருந்தார்.

“பிள்ளை, மிஸி போட்டா” என்றார்.

“எப்ப அண்ணை?”

“முந்தநாள். நேற்றே அடக்கம் பண்ணியாச்சு. ஆருக்கெண்டு சொல்லி அனுப்புறது? எல்லாரும் திக்குத் திக்காய்க் கிடக்கிறியள்.”

வரிசையை விட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. வரிசையை விடாமல் நின்றே அழுதேன். மணியண்ணை போகும்போது இன்னொன்றும் சொன்னார். “அந்த நாயாலைதான் மனிசி செத்தது எண்டு சனம் கதைக்குது.” அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு மாதமாக அந்தப் பேச்சு என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. இன்று அவருடைய முப்பத்தோராம் நாள் ஜெபத்துக்கு இந்தக் கொடிகாமத்துக் கொட்டிலில் கூடியிருக்கும் உங்களில் பலர் அவருடைய கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அந்தப் பேச்சை உங்களில் சிலரும் நம்புகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன்.

நேசம் அக்கா கலியாணம் கட்டவில்லை. கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் நீண்ட காலம் தாதியாக, எங்கள் பேச்சில் ‘மிஸி’யாக, இருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில், உடுத்த சீலையோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். கொக்குவிலில் தமக்கையின் வெறும் வீடொன்று இருந்தது. நான் மருந்து கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த டிஸ்பென்சரியில் அவருக்கு வேலை கிடைத்தது. என் வீடும் கொக்குவில் என்பதால் வேலை முடிந்து ஒன்றாகவே திரும்புவோம். அடுத்த வருடம் பக்கத்து வளவில் ஒரு நாய் குட்டி போட, அதில் ஒன்றை அவர் எடுத்து வளர்த்தார். மண்ணிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். ஜிம்மி என்று பெயர் வைத்தார்.

யாழ்ப்பாணத்தில் நாய் வளர்க்காத வீடு குறைவு. பகலில் கட்டி வைப்போம், இரவில் வளவுக்குள் அவிழ்த்து விடுவோம். நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வீதியில் உலாவப் போவது எங்கள் வழக்கத்தில் இல்லை. நேசம் அக்காவோ கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த காலம் முழுவதும் மாலையில் நாயோடு கடற்கரைக்குப் போனவர். ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமுகத் திடலுக்கும் போவாராம். “அங்கை நாயோடை போனால் நாலு பேர் நிண்டு கதைப்பினம். இஞ்சை நாலு பேர் நிண்டு சிரிக்கினம்” என்பார்.

சிரிக்கத்தான் செய்தார்கள். ஒருநாள் தன் வீட்டு வேலிப் படலையில் சாய்ந்து நின்ற ஒரு பெரியவர், “என்ன மிஸி, நாய்க்குச் சுகமில்லையோ? எங்கை கொண்டு போறியள்?” என்று கேட்டார்.

“சுகமாய்த்தான் இருக்கு ஐயா. அது சுகமாய் இருக்கத்தான் கொண்டு போறன்.”

“அப்ப உது நாய்க்குச் செய்யிற வைத்தியமோ?”

“நாய்க்கும் எனக்கும்.”

நேசம் அக்காவுக்கு ஆஸ்துமா இருந்தது. நடந்தால் நெஞ்சு இலேசாகும் என்பார். எனக்கு அப்போது நாய் என்றாலே பயம். வீதியின் மறுகரையில்தான் அவரோடு நடப்பேன். அங்கிருந்தபடியே சத்தமாகக் கதைத்துக்கொண்டு போவேன்.

ஒழுங்கைகளில் சைக்கிளும் மாட்டுவண்டியும். எதிரே வரும் தெருநாய்கள் எல்லாம் ஜிம்மியோடு சண்டைக்கு வரும். நகரத்தில் ஒரு பூங்கா இருக்கிறதே, அங்கே கொண்டுபோய்ப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டார். பஸ்ஸில் நாயை ஏற்றவில்லை. மினிபஸ்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். வெயிலில் நடந்தே போனோம். வாசலில் காவலாளி மறித்தார்.

“நாயை உள்ளை விடேலாது.”

உள்ளே வாங்கின் கீழே இரண்டு நாய்கள் படுத்துக் கிடந்தன. இன்னொன்று பூப்பாத்தியைக் கிண்டிக்கொண்டிருந்தது. நேசம் அக்கா அவற்றைக் காட்டினார்.

“அதுகள் ஆற்றையும் நாய் இல்லை மிஸி. அதுகளுக்கு ஆரும் பொறுப்பில்லை. இது உங்கடை நாயெல்லோ.”

“அப்ப, ஆரும் பொறுப்பில்லாத நாயெண்டால் விடுவியள்?”

நேசம் அக்கா குனிந்து ஜிம்மியின் சங்கிலியைக் கழற்றினார். “சரி, இது இனி என்ரை நாய் இல்லை” என்றார். ஜிம்மி ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விட்டது. நேசம் அக்கா சங்கிலியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்து போய் ஒரு வாங்கில் அமர்ந்தார். காவலாளி நாயைத் துரத்த, அதை விளையாட்டு என்று நினைத்து ஜிம்மியும் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அங்கே நின்ற குழந்தைகள் எல்லாம் கைதட்டினார்கள். நான் வெட்கத்தில் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன்.

மறுநாளே அவர் பூங்காவுக்குப் பொறுப்பான கந்தோருக்குப் போனார். கிழமையில் ஒரு காலை, ஒரு மணித்தியாலம், நாய் உள்ளவர்கள் சங்கிலியோடு வரலாம், அழுக்கை வந்தவரே அள்ளவேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான். கந்தோர்க்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார், “மனிசருக்கே இடமில்லாத ஊரிலை நாய்க்கு இடமோ?”

பத்து வருடம் நான் கேட்டுக் கேட்டு வெறுத்த வசனம் இதுதான். எங்கே போனாலும் இதையே சொன்னார்கள். நேசம் அக்காவின் பதிலும் எப்போதும் ஒன்றுதான். “மனிசருக்கு இடம் குடுத்துப்போட்டோ நாய்க்கு இல்லையெண்டுறியள்?”

விடாமல் போய்க் கேட்டார். கடைசியில் அந்தக் கந்தோரில் இருந்த ஒருவருக்கு மகள் வழியாக நாய்ப்பிரியம் உண்டாகி, ஞாயிறு காலையில் வாருங்கள் என்று வாய்ச்சொல்லாக அனுமதி கொடுத்தார். சில ஞாயிறுகள் போனோம். ஜிம்மியோடு ஒரு வாத்தியாரின் அல்சேசனும், ஒரு புடவைக்கடைக்காரரின் சின்ன வெள்ளை நாயும் வந்தன. மூன்றும் புல்லில் உருண்டன. சொந்தக்காரர்கள் தேத்தண்ணி குடித்தபடி நின்று கதைத்தார்கள். நேசம் அக்கா அவ்வளவு வாய்விட்டுச் சிரித்ததை நான் முன்போ பின்போ கண்டதில்லை. அதன்பிறகு கோட்டை இராணுவ முகாமிலிருந்து ஷெல் விழத் தொடங்கியது. அந்தப் பக்கமே சனம் போகாத இடமாயிற்று. பூங்கா இருந்த இடத்தில் பற்றைதான் வளர்ந்தது. கெஞ்சிக் கெஞ்சி வாங்கிய ஒரு மணித்தியாலம் அப்படிப் போயிற்று. அதை யாரிடம் போய் முறையிடுவது?

விளையாட்டுத் திடல்கள் முகாம்களாயின. கோயில் வீதியில் நாயைக் கொண்டுபோக முடியாது, அதை அவர் கேட்கவும் இல்லை. தொண்ணூறில் ரயில் நின்றது. பதுங்க வெட்டும் பங்கர்களுக்கென்று தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் சனம் கழற்றிக்கொண்டு போக, கொக்குவிலில் ரயில் ஓடிய மேடு வெறும் பாதையாகக் கிடந்தது. நேசம் அக்கா அதில் ஜிம்மியோடு நடந்தார். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, எல்லோரும் நடந்த காலம் அது. சிரிப்பதற்கு யாருக்கும் நேரமில்லை. அந்த நாட்களில்தான் நானும் வீதியின் மறுகரையை விட்டு அவர் பக்கத்தில் நடக்கப் பழகினேன். சில நாட்களில் சங்கிலியை என் கையில் தருவார். “இறுக்கிப் பிடிக்காதை பிள்ளை. அது ஓடாது, மணக்கிறதுக்குத்தான் நிக்குது. மணக்க விடு” என்பார்.

அதற்கும் ஒரு முடிவு வந்தது. ஒரு பின்னேரம் பொம்மர் விமானம் வந்து சுற்றியது. பாதையோரத்து வீட்டாரின் பங்கருக்குள் ஓடினோம். நான் இறங்கிவிட்டேன். நேசம் அக்கா நாயோடு இறங்கப்போக, உள்ளேயிருந்து குரல் வந்தது. “மிஸி, நீங்கள் வாங்கோ, நாயை விட்டிட்டு வாங்கோ. மனிசருக்கே இடமில்லை.”

அவர் விவாதிக்கவில்லை. மேற்படியிலேயே ஜிம்மியை மடியோடு அணைத்துக்கொண்டு இருந்துவிட்டார். குண்டு தூரத்தில்தான் விழுந்தது. அவருடைய தலையில் மண் மட்டும் கொட்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில், “உங்களுக்கு என்ன விசரோ? ஒரு நாய்க்காகச் சாகப் போறியளோ?” என்று வீதியிலேயே கத்தினேன். அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார், “சாகிறதுக்கெண்டு நான் அதிலை இருக்கேல்லை பிள்ளை. அது என்னை நம்பி வெளியிலை வந்தது. கூட்டிக்கொண்டு வந்தவள் நான்தானே.” அடுத்த கிழமை என் கணவரும் மணியண்ணையும் அவருடைய வளவில் ஒரு பங்கர் வெட்டிக்கொடுத்தார்கள். நாய்க்கும் சேர்த்து அகலமாக வெட்டச் சொன்னார். வெட்டியவர்கள் முணுமுணுத்தபடியே அகலமாக வெட்டினார்கள்.

இந்த ஐப்பசி இடப்பெயர்வை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழையில், ஒரே தெருவில், முழு வலிகாமமும் நடந்தது. நாய்கள் வீட்டுக்காரருக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் வந்து, சனத்தின் கால்களுக்குள் தொலைந்துபோயின. விடிந்த பிறகு நாவற்குழிப் பாலத்தடியில் நேசம் அக்காவைக் கண்டேன். ஜிம்மிக்குப் பதினொரு வயது, பின்னங்கால் சரியில்லை. தன் சைக்கிளில் அரிசிப்பையைக் கட்டவேண்டிய இடத்தில் நாயைச் சாக்கில் இருத்திக் கட்டியிருந்தார். அரிசியைத் தலையில் வைத்திருந்தார். பின்னால் நின்ற ஒருவர் பழைய வசனத்தையே கத்தினார். நேசம் அக்கா திரும்பிப் பார்த்து, “ஓம் தம்பி, இடமில்லைத்தான். கொஞ்சம் தள்ளி நிண்டால் இரண்டு பேரும் போகலாம்” என்றார். அந்த மனிதர் தள்ளி நின்றார். அதை நான் கண்ணால் கண்டேன்.

பள்ளிக்கூடத்தில் நாயை விடவில்லை என்பது உண்மை. அதனால் அவர் கொடிகாமத்துக்குப் போய், ஒரு தென்னந்தோட்டத்தில் தறப்பாளைக் கூரையாகக் கட்டி இருந்தார் என்பதும் உண்மை. ஆனால் தறப்பாளின் கீழ் இருந்தது அவர் மட்டுமா? நாய் இல்லாத எத்தனை குடும்பம் அதே மழையில் அதே தோட்டத்தில் கிடந்தது? அவருக்கு மூச்சிழுப்பு வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போதே, என்ன மருந்து வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று அவரே சொன்னாராம். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குக் கொடுத்த மருந்து. அது அங்கே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குள் அந்த மருந்து வரவிடாமல் தடை போட்டது ஒரு நாயல்ல. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நேசம் அக்கா நாயால் சாகவில்லை. மருந்தில்லாமல் செத்தார். தயவுசெய்து இதை மாற்றிக் கதைக்காதீர்கள்.

இறப்பதற்கு ஒரு கிழமை முன்பு அவரைப் பார்க்க வந்திருந்தேன். மூச்சு விட்டு விட்டுத்தான் கதைத்தார். “ஜிம்மியை இண்டைக்கு வெளியிலை கொண்டு போனியோ?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா. தோட்டத்துக் கரை மட்டும்.”

“மணக்க விட்டியோ?”

“விட்டனான்.”

“அப்ப சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது, பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே நான் கட்டி வைத்திருக்கும் ஜிம்மியும் ஒரு கோபமும். ஜிம்மிக்கு இன்னும் அதிக காலமில்லை. கோபம் நெடுநாள் இருக்கும். இருக்கவேண்டும் என்றே விரும்புகிறேன். ‘இடமில்லை’ என்று யாராவது சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போகாமல், ஏன் என்று கேட்கும் கோபம் அது. இனிய சுபாவமுள்ளவர், தியாகி என்று இங்கே முன்பு பேசியவர்கள் சொன்னார்கள். அவர் அப்படியெல்லாம் இல்லை. பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் வைத்துக்கொள்ளப்போகிறேன்.

ஜிம்மி இப்போது வெளியே தென்னையில் கட்டிக் கிடக்கிறது. உள்ளே கொண்டுவரலாமா என்று காலையில் கேட்டேன். என்ன பதில் வந்தது என்பதை இங்கிருக்கும் சிலர் அறிவீர்கள். ஜெபம் முடிந்ததும் அதை அவிழ்த்துக்கொண்டு பின்பக்க வெளியால் நடக்கப்போகிறேன். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். நாய் மிஞ்சியிருப்பவர்கள், நாயோடு வாருங்கள்.