சீதாப்பழத்துக்கு ஒரு பிளைண்ட் டெஸ்ட்

1. அத்திப்பழமும் வெர்னியரும்

புனே பக்கம் சாகணில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், குவாலிட்டி டிபார்ட்மென்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். சொந்த ஊர் கோயம்புத்தூர். ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. சப்பாத்தி வட்டமாக இல்லை என்று ஒருநாள் சொன்னேன். என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்கியாச்சும் போயி யாரையாச்சும் செக் பண்ணுங்க. என்னைய விட்ருங்க."

அப்படித்தான் கல்யாணிநகரில் மைதிலி நடத்தும் ஜெலாட்டோ கடையில் சேர்ந்தேன். ஜெலாட்டோ என்பது இத்தாலிக்காரர்களின் ஐஸ்கிரீம்; காற்று குறைவு, சுவை அழுத்தம். மைதிலி புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பேங்க் வேலையை விட்டுவிட்டு, வீட்டில் எல்லாருடைய வாயிலும் விழுந்து, இந்தக் கடையைப் போட்டிருந்தாள். எசென்ஸ் கிடையாது, கலர் கிடையாது, ஃப்ரோஸன் பல்ப் கிடையாது. சுற்றுவட்டாரப் பழம், அதுவும் அதன் சீசனில் மட்டும். ஆகஸ்டில் மாம்பழ ஜெலாட்டோ கேட்டு வருகிறவர்களை அவள் ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி பார்ப்பாள்.

முதல் நாள் அத்திப்பழம் வந்தது. நான் அளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். சைஸ் தவறிய பழத்துக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வெளியே வைத்தேன். மதியத்துக்குள் உள்ளே இருந்த பழத்தைவிட வெளியே இருந்த பழம் அதிகமாகிவிட்டது.

"அங்கிள், இது பழம். நட்டு போல்ட் இல்ல. மரத்துக்கு டிராயிங் குடுக்க முடியாது, சமஜ்ல கா? புரிஞ்சுதா?" என்றாள் மைதிலி.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் வெர்னியரைப் பைக்குள் வைத்தேன். சிவப்பு ஸ்டிக்கரை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன்.

2. பலகையில் ஒரு பெயர்

கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைய பழம், அது விளைந்த தோட்டத்துக்காரர் பெயர் இரண்டையும் சாக்பீஸால் எழுதுவது மைதிலியின் வழக்கம். மழை முடிந்ததும் 'சீதாப்பழம் – தத்தா தோட்டம், சாஸ்வட்' என்று எழுதினாள். வந்தது வினை.

தத்தாவுக்கு விட்டல் என்று ஒரு தம்பி. ஒரே தோட்டத்தை அண்ணனும் தம்பியும் அந்த வருஷம்தான் நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்திருந்தார்கள். பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்தது. இரண்டு பேர் பழமும் ஒரே டெம்போவில் எங்களுக்கு வரும். பலகையின் போட்டோவை யாரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட, விட்டல் போன் செய்தார். அவர்கள் பேசியதெல்லாம் மராத்தி. நான் தமிழில் சொல்கிறேன்.

"நல்ல பழம் என்னுது. பேரு அவனுதா?"

மைதிலி இரண்டு பெயரையும் எழுதினாள். யார் பெயர் மேலே என்று சண்டை. பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். யார் பெயர் பெரிய எழுத்து என்று சண்டை. கடைசியில் ஒரே சீதாப்பழத்துக்கு இரண்டு ஜெலாட்டோ டப். இது தத்தா, இது விட்டல். அப்புறம் கேட்க வேண்டுமா? ஹடப்சரிலிருந்து விட்டலின் மாமனார் வீட்டார் கும்பலாக வந்து விட்டல் டப்பை மட்டும் வழித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் தத்தாவின் மச்சான் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் தத்தா ஜெலாட்டோவைச் சாப்பிட்டுவிட்டு, விட்டல் டப்பைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றார்.

தீபாவளி நெருங்கியபோது இரண்டு பேரும் தனித்தனியே போன் செய்து ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "அவன் பேரை எடு. இல்லன்னா பழம் வராது."

யார் பெயரை எடுத்தாலும் பாதிப் பழம் போச்சு. எடுக்காவிட்டால் முழுதும் போச்சு. ஸ்ட்ராபெரி வர டிசம்பராகும். தீபாவளிக்குச் சீதாப்பழத்தை விட்டால் எங்களிடம் வெல்லமும் சாக்லேட்டும்தான். மைதிலி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த தீபாவளி போச்சுன்னா நான் ஷட்டர் இறக்கிடுவேன் அங்கிள். அப்பா சொன்ன மாதிரி பேங்க்குக்கே போயிடறேன். பஸ், தக்லே மீ. அலுத்துப் போச்சு."

அந்தப் பெண் அப்படிச் சொன்னது என்னால் தாங்க முடியவில்லை. அதனால் ஒரு யோசனை சொன்னேன். குவாலிட்டிக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

"பிளைண்ட் டெஸ்ட் வெச்சரலாங்க. ஏ கப், பி கப். எது யாருதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். எது நல்லாருக்குன்னு அவிங்களே சொல்லட்டும். ஜெயிச்சவிங்க பேரு மேல."

தோற்றவர் பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரே என்று நானும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

3. ஜீப்

புனேக்காரர்கள் கடையை மூடிவிட்டுத் தூங்கும் மதிய வேளையில் ஜீப் வந்தது. டெஸ்டுக்கு வரச் சொன்ன அண்ணன் தம்பி இரண்டு பேரைத்தான் எதிர்பார்த்தோம். ஆளுக்கொரு பட்டாளத்தோடு இறங்கினார்கள். நடுவில் சுமன், தத்தாவின் மனைவி. விட்டலுக்கு வஹினி, அதாவது அண்ணி. அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அந்த அம்மாள் வழியாகவே பேசினார்கள்.

"அவனைக் கொஞ்சம் நகரச் சொல்லு."

"நகர முடியாதுன்னு சொல்லுங்க வஹினி."

ஸ்டிக்கர் ஒட்டிய கப்புகளை வரிசையாக வைத்தேன். வாய் கொப்பளிக்கத் தண்ணீர், நடுவில் கடிக்க பிஸ்கட், எல்லாம் முறைப்படி. தத்தா ஏ கப்பில் ஒரு கரண்டி வாயில் வைத்தார். அப்படியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். விட்டல் பி கப்பைத் தொட்டார், அவருக்கும் கன்னம். ஒருவர் பின் ஒருவராக ஜீப்பில் வந்த அத்தனை பேரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இழவு வீடு மாதிரி இருந்தது.

"பல்லு கூசுது. ருசியே தெரியல" என்றார் தத்தா.

சுமன் எழுந்தார். "சூடு பண்ணணும்."

மைதிலி என்னைப் பார்த்தாள். இத்தாலி மெஷினில் மணிக்கணக்கில் உறைய வைத்ததைச் சூடு பண்ணுவதா? நான் புரொசீஜர் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அந்த அம்மாள் எங்கள் கிச்சனுக்குள் போய்விட்டார். "நெருப்புல நேரா வைக்கக் கூடாது, சீதாப்பழம் கசந்துடும்" என்று எனக்கே பாடம் சொல்லிக்கொண்டு வெந்நீர் வைத்தார். அதன் மேல் ஒரு பாத்திரத்தை வைத்து ஏ கப்பைக் கவிழ்த்தார். பிறகு, அதே பாத்திரத்தில், பி கப்பையும் கவிழ்த்தார்.

"அய்யோ, அது வேற இது வேறங்க" என்று கத்திவிட்டேன்.

"ஒரு பாத்திரம் போதும். கழுவறது யாரு?" என்றார்.

என் டெஸ்ட் அதோடு முடிந்தது. ஸ்டிக்கர்கள் ஆவியில் உரிந்து தரையில் கிடந்தன. வெதுவெதுப்பாக ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார். தத்தா ஒரு வாய் குடித்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"இது பாசுந்தி" என்றார்.

சுண்டக் காய்ச்சிய பாலில் சீதாப்பழம் கலந்தால் அவர்கள் ஊரில் அதுதான் பெயர். விட்டலும் குடித்தார்.

"பாசுந்திதான் தாதா. ஆனா பாலு சரியா சுண்டல."

"சர்க்கரை ஜாஸ்தி."

"ஏலக்காய் எங்க?"

"இதைத்தான் உறைய வெச்சு ஊரை ஏமாத்தறாங்களா? நம்ம பழத்தை எடுத்துட்டு வந்து?"

தாதா என்றால் அண்ணன். பல மாதம் கழித்து அந்த வார்த்தையைச் சொன்னதை விட்டலே கவனிக்கவில்லை. சுமன் கவனித்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"இங்க செக்கிங் யாரு?" என்று கேட்டார் தத்தா.

மைதிலி யோசிக்கவே இல்லை. நேராக என்னைக் கை காட்டினாள்.

பெஞ்சில் அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து என்னைத் திட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தார். வயசு ஆச்சே, நாக்கு இல்லையா என்றார்கள். பாலைப் பார்த்ததே இல்லையா என்றார்கள். நான் தலை குனிந்து நின்றேன். கோபம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

போகும்போது தத்தா சொன்னார்: "பழம் வரும். சர்க்கரையைக் குறை."

"பேரு?" என்று மெதுவாகக் கேட்டாள் மைதிலி.

விட்டல் அண்ணனைப் பார்த்தார். "வஹினி பேரைப் போடுங்க. சரியா செஞ்சது அவங்கதான்." தத்தா தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

4. நான் கற்றது

தீபாவளிக்குப் பழம் வந்தது, பிரிக்காமல், ஒரே டெம்போவில். பலகையில் 'சீதாப்பழம் – சுமன் வஹினி'. கடை தப்பியது. ஜீப்பில் வந்தவர்கள் போய் ஊரெல்லாம் சொன்னதில், 'சூடான ஜெலாட்டோ' கேட்டு ஆட்கள் வந்தார்கள். மைதிலி முதலில் முறைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வெந்நீர் வைத்தாள்.

இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். தொழிற்சாலையில் பர்சேஸும் புரொடக்ஷனும் எதிலும் ஒத்துப் போக மாட்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப் போவார்கள்: குவாலிட்டிக்காரனைத் திட்டுவதில். வேலை பார்த்த காலமெல்லாம் அதை அவமானம் என்று நினைத்து வீட்டுக்குப் போய்ப் பொருமினேன். அதுவும் என் வேலையில் ஒரு பாகம்தான் என்று ஒரு கிண்ணம் பாசுந்தி சொல்லிக் கொடுத்தது.

போன வாரம் ஸ்ட்ராபெரி கொடுக்கும் மாமனுக்கும் மருமகனுக்கும் ஏதோ தகராறு. மைதிலி காலையிலேயே போன் செய்தாள்.

"அங்கிள், ரெண்டு பேரும் வர்றாங்க. நல்ல சட்டை போட்டுட்டு வாங்க. நீங்கதான் செக்கிங்."

இஸ்திரி போட்ட சட்டையாகப் பார்த்து எடுத்தேன்.