பார்லி வயலில் தேங்காய்கள்

வாமதேவன் எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போனவரில்லை. பாரிஸின் லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனாலும் கையில் இரண்டு பை இருக்கும். தாதி வாசலில் மறித்தால் அவளுக்கும் ஒரு மாம்பழத்தை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அவரிடம் வேண்டாம் என்று சொல்லி வென்றவர் கிடையாது. தெருவெல்லாம் அதைப் பெருமையாகப் பேசியது. மகள் கஜானிக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, 2016 ஜூன் வரைக்கும்.

அந்த ஜூனில், வடக்கே கடலோர ஊர் ஒன்றில் சினேகிதரின் மகள் பெரியவளானதற்குச் சாமத்தியவீடு. புறநகரான வில்லியே லே பெல்லில் இருக்கும், குடும்பத்துக்குப் பழக்கமான தங்கேஸ்வரியின் மகன் மிதுசன் அப்போதுதான் சிறு விமானம் ஓட்ட உரிமம் எடுத்திருந்தான். "ரயிலை விடுங்கோ மாமா, நான் கொண்டுபோய் இறக்கிறன்" என்றான். விமானம் தரையை விட்டுக் கிளம்பியது. மூக்கு நிமிர்ந்தது, நிமிர்ந்தது தாழவேயில்லை. ஓடுபாதைக்கு அப்பால், பார்லி வயலில் விழுந்தது. இரண்டு பேரும் அந்த இடத்திலேயே செத்துப்போனார்கள்.

செத்தவீட்டிலேயே தீர்ப்பும் வந்துவிட்டது.

"பொடியனுக்கு ஓட்டத் தெரியேல்லை," என்றார் கஜானியின் சித்தப்பா அரியரத்தினம். "விளையாட்டுச் சாமான் எண்டு நினைச்சிட்டான்."

மகனைப் பறிகொடுத்த தங்கேஸ்வரி அதன்பிறகு ஒரு மாதம் லா சப்பல் பக்கம் வரவேயில்லை.

கஜானி விமானப் பழுதுபார்ப்பு நிலையம் ஒன்றில் பொறியியலாளர். மூக்கு ஏன் நிமிர்ந்தது என்று யாரும் அவளுக்கு விளக்கத் தேவையில்லை. வால் பக்கம் பாரம் கூடினால் மூக்கு நிமிரும். நிமிர்ந்தால் வேகம் விழும். வேகம் விழுந்தால் இறக்கை தாங்காது. விசாரணை அதிகாரி சுசான் மேசையில் பரப்பிய படங்களில், பார்லிக் கதிர்களுக்குள் தேங்காய்கள் உருண்டு கிடந்தன. கிழிந்த அரிசி மூட்டைகள். நசுங்காத ஒரு வாழைக்குலை.

அன்று காலை அப்பா அவளுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வேலை மும்முரத்தில் பார்க்கவில்லை. பிறகு பார்க்க மனம் துணியவில்லை. படங்களைக் கண்டதும் சுசானின் முன்னாலேயே அதைத் திறந்தாள்.

விமானத்தின் பொதியறைக் கதவு. பக்கத்தில் மிதுசன், கையில் ஒரு மூட்டை.

"மாமா, பின்னுக்கு இவ்வளவு பாரம் ஏலாது. அரிசியை விட்டிட்டுப் போவம்."

அப்பாவின் சிரிப்பு. "ஏரோப்பிளேன் ஓட்டுற ஆள் அரிசி மூட்டைக்குப் பயப்பிடுறீரோ தம்பி? பெட்டை பெரிசாகின வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போய் நிக்கிறதோ? ஏத்தும், ஏத்தும்."

பொடியன் தலையைச் சொறிந்தான். "சரி மாமா."

கஜானி வரிக்கு வரி பிரெஞ்சில் சொன்னாள். சுசானுக்கு விளங்கவில்லை.

"அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் ஏற்றினார்? உங்கள் அப்பா மிரட்டினாரா?"

"இல்லை. சிரித்தார்."

"எப்படியிருந்தாலும் விமானிதான் பொறுப்பு. விதி அதுதான்."

"விதியை நானும் படித்திருக்கிறேன்!" கஜானியின் குரல் உயர்ந்தது. "அவன் ஏலாது என்று சொன்னதை எழுதுங்கள். அப்பா சிரித்ததையும் எழுதுங்கள்."

முப்பத்தோராம் நாள் காரியத்தன்று, மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்பு அரியரத்தினம் எழும்பிப் பேசினார். அண்ணையின் கொடைக்குணத்தை நெடுநேரம் சொன்னார். கடைசியில், "இப்பிடிப்பட்ட மனிசனை ஒரு பொடியன்ர விளையாட்டுச் சாகடிச்சுப்போட்டுது" என்றார். எல்லாரும் கதவோரம் திரும்பிப் பார்த்தார்கள். தங்கேஸ்வரி வந்திருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரைகளில் ஒருவரும் உட்காரவில்லை.

கஜானி எழும்பினாள். "அரிசி ஏலாது எண்டு அவன் சொன்னவன், சித்தப்பா. அப்பாதான் கேக்கேல்லை. வீடியோ இருக்கு. விசாரணைக்குக் குடுத்திட்டன்."

"விசர்க்கதை கதையாதை! செத்த மனிசனைப் பற்றி, அதுவும் இண்டைக்கு..."

"அவனும் செத்தவன்தானே!"

 அவள் நிறுத்தவில்லை. "நாங்கள் ஆராவது அப்பாவுக்கு ஒருக்கால் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறமோ? தாறதை எல்லாம் வாங்கி வாங்கிச் சிரிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். அவன் ஒருத்தன்தான் வாய் திறந்து சொன்னவன். அவனைப் போட்டு மிதிக்கிறியள்."

தங்கேஸ்வரி மெல்ல எழும்பினார். அழவில்லை. "அப்பாவைக் குறை சொல்லாதை பிள்ளை. பெரியாக்களை மறுத்துக் கதையாதை எண்டு சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். அவன் கேட்டு நடந்திருக்கிறான்."

அந்தக் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கஜானிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மறுத்திருக்கவேணும் அன்ரி! அரிசியை மட்டுமில்லை, அப்பாவையே இறக்கி விட்டிருக்கவேணும். கோவிச்சுக்கொண்டு ஒரு கிழமை கதையாமல் திரிஞ்சிருப்பார். வேறை என்ன செய்திருப்பார் அந்த மனிசன்?"