சுற்றிப்போட்ட செம்புத் தகடுகள்

கொல்லிமலைக்கு பஸ்ஸில் ஏறிய யாருக்கும் என் ஆராய்ச்சி புரியும். கொண்டை ஊசி வளைவில் டிரைவர் ஒடித்துத் திருப்புகிற வேகத்தில் ஒருத்தர் சீட்டை விட்டுத் தெறித்து நடுவழியில் போய் நிற்பார். அவர் சீட் காலி. செம்பை வேகமான அயனிகளால் அடித்து நாங்கள் செய்வதும் இதுதான். எத்தனை அணுக்களின் சீட் காலி, தெறித்தவை எங்கே போய்க் கூட்டம் போட்டிருக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். இதற்கு டாக்டர் பட்டமும் தருவார்கள்.

அணுகுண்டு வெடித்துப் பார்த்த செய்தி டிவியில் வந்த வருஷம் அது. நான் ஐந்து மாதக் கர்ப்பம். மைக்ராஸ்கோப் வேறு ஊரில் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதில் பார்க்க ஒரு திங்கட்கிழமையை வாங்கியிருந்தேன். போகிற வழியில் அம்மா கையால் சாப்பிடலாம் என்று கொல்லிமலை மேலிருக்கும் எங்கள் அரியூர் நாட்டுக்கு வந்தேன். நகக்கண் அளவு செம்புத் தகடுகள் ஒரு பிலிம் டப்பாவுக்குள், டப்பா என் கைப்பைக்குள்.

என் கைப்பை அம்மாவுக்குப் பொதுச்சொத்து.

"ஏங்கண்ணு, இதென்ன?"

"கதிர்வீச்சுல அடிபட்ட செம்பும்மா. உள்ளுக்குள்ள பூரா சேதம்."

பெருமையாகத்தான் சொன்னேன். படித்த முட்டாள்களில் எனக்குத் தனி இடம் உண்டு. அதிலிருந்து எதுவும் வெளியே வராது, உன் குழம்புச் சட்டி மாதிரிதான் என்று நான் சேர்த்துச் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. கதிர்வீச்சு என்ற சொல்லோடு காது அடைத்துவிட்டது.

மத்தியானம் குச்சிக்கிழங்கு தின்ற மயக்கத்தில் தூங்கிப்போனேன். பாதி விழித்தபோது அம்மா மூடிய கையால் என்னைத் தலையிலிருந்து வயிறுவரை சுற்றிக்கொண்டிருந்தாள். திருஷ்டிதானே, கழித்துத் தொலைக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடுப்பில் உப்பும் மிளகாயும் வெடிக்கிற சத்தம் கேட்டது. கூடவே மெல்லிசாக ஒரு 'ணங்'.

"நெடியே வரல பாரு சாமி. எத்தன கண்ணு பட்டிருக்குது!"

எழுந்து ஓடினேன். அந்த வயிற்றோடு போனதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. தணலுக்குள் என் தகடுகள் கன்றிப்போய்க் கிடந்தன. அந்தச் சூட்டில் தெறித்த அணுக்களெல்லாம் நகர்ந்து காலி சீட்டைப் பிடித்து உட்கார்ந்துவிடும். பார்ப்பதற்குச் சேதமே மிஞ்சாது. ஒரு வருஷ உழைப்பை அம்மா ஒரு கை மிளகாயோடு குணப்படுத்திவிட்டாள்.

வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அறிவிருக்கிறதா என்றேன். பட்டிக்காடு என்றேன். "இனி இந்த ஊட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்றும் சொன்னேன். அம்மா இடுக்கியும் கையுமாக நின்றாள்.

"போன தடவ மூணாம் மாசத்துல கலஞ்சு போச்சே, அது எதனாலன்னு உனக்குத் தெரியுமா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"சரி, சம்பந்தமில்ல. எதனாலன்னு தெரியுமா?"

ஒரு அயனி செம்புக்குள் எவ்வளவு ஆழம் போகும், எத்தனை அணுக்களைக் கிளப்பிவிடும் என்பதற்கெல்லாம் என்னிடம் கணக்கு இருந்தது. இதற்கு இல்லை. டாக்டரிடமும் இல்லை. லேபில் சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு பேட்ஜை, கரு கலைந்த அந்த மாதம் நானும்தான் ரகசியமாக மறுபடி சோதிக்கச் சொன்னேன். ஒன்றும் பதிவாகவில்லை என்றார்கள். நம்பினேன். ராத்திரியானால் நம்பிக்கை போய்விடும். அம்மா முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வேற ஏதாச்சும் கொண்டாந்திருக்கியா கண்ணு?" என்று கேட்டு, இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கைப்பையை எடுத்து அவள் மடியில் கவிழ்த்தேன். சீப்பு, பஸ் டிக்கெட், சத்து மாத்திரை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டி அவள் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.