தரகரும் ஏழாம் எண் கத்தரியும்

விதைப் பண்ணையில் அவனைத் தரகர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு செடியின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு செடியின் பூவில் தடவுவது அவன் வேலை. பெயரை வைத்தவள் தண்ணீர் விடும் அக்கா. "வரன் பாக்குறதுல நம்மாளை அடிச்சுக்க முடியாது" என்று அவள் ஒருமுறை சொன்னது பண்ணை முழுக்கப் பரவிவிட்டது. அவனுக்கு வருத்தமில்லை. உள்ளூரப் பிடித்திருந்தது.

ஏழாம் எண் அவன் உண்டாக்கிய கத்தரி ரகம். நீளமான காய், கையில் வழுக்கும், விதை குறைவு. ஒரே குறை வாடல் நோய். காலையில் நிமிர்ந்து நின்ற செடி மத்தியானம் பச்சை மாறாமலே துவண்டுவிடும். நோயைத் தாங்கும் காட்டுக் கத்தரி ஒன்று இருந்தது. ஏழாம் எண்ணை அதோடு கலந்தான். நோய் தாங்கியது, கூடவே முள்ளும் கசப்பும் வந்தன. பிறந்ததை மறுபடி மறுபடி ஏழாம் எண்ணோடு கலந்து முள்ளைக் கழித்துக்கொண்டு வந்தான். பல வருடம் இதிலேயே போயிற்று. முள் போகப் போக, நோயைத் தாங்குவதும் போய்க்கொண்டிருந்தது.

மாடியில் ஆய்வுக்கூடம் வந்தபோது அவன் மனைவிக்கு அங்கே வேலை கிடைத்தது. அதுவரை அவன் பாத்திகளில் செடிகளுக்கு அடையாள அட்டை கட்டிக்கொண்டிருந்தவள். "போயேன், ஏ.சி. ரூம்" என்று அனுப்பி வைத்ததே அவன்தான்.

மேலே செய்தது வேறு மாதிரி வேலை. காட்டுக் கத்தரியிலிருந்து நோயைத் தாங்கவைக்கும் ஒரே ஒரு ஜீனை எடுத்து, பாக்டீரியாவின் மேல் ஏற்றி, இலைத் துண்டுகளுக்குள் அனுப்பினார்கள். துண்டுகள் கண்ணாடி ஜாடிக்குள் சத்துக் கூழின் மேல் கிடந்தன. விளிம்பில் பச்சைப் பருக்கள் கிளம்பித் துளிர்த்துச் செடியாயின. முள் இல்லை. கசப்பு இல்லை.

"இன்னைக்கு மூணு ஜாடியில துளிர் விட்டுருச்சுங்க" என்பாள், சாப்பிடும்போது.

"உப்பு எடு" என்பான் அவன்.

பண்ணைக்கு வருகிறவர்களை இயக்குநர் முன்பெல்லாம் அவன் பாத்திக்குத்தான் அழைத்து வருவார். இப்போது நேரே மாடிக்குக் கூட்டிப்போனார். ஒருநாள் அவனும் போனான். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கையில் எதையோ தெளித்தார்கள். தலைக்கு உறை கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மனைவி, கருவிகளைக் காட்டிக் கிருமி போக்கும் சுடரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடுக்கியை அவள் பிடித்திருந்த விதம் அவனுடையது. அவன் கற்றுக்கொடுக்கவில்லை, பார்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவன் உறையைக் கழற்றிவிட்டுக் கீழே வந்துவிட்டான்.

"என்ன தரகரே, சீக்கிரம் இறங்கிட்டீங்க" என்றாள் அக்கா, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு.

"வேலை கிடக்கு."

"உங்க வீட்டம்மா தரகர் இல்லாமலே கல்யாணத்தை முடிச்சுட்டாங்களாமே. தரகுக் கூலி மிச்சம்."

அவன் சிரித்ததாகப் பேர் பண்ணினான்.

நோய்க் கிருமி ஊறிய வயல் ஒன்று பண்ணையின் பின்புறம் இருந்தது. அவன் கடைசியாகக் கலந்து எடுத்த செடிகளையும் அவளுடைய ஜாடிச் செடிகளையும் அதில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நட்டார்கள். பூக்கிற சமயத்தில் அவன் வரிசை துவண்டது. அவள் வரிசை நின்றது. அவள் அவன் வரிசைப் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு வலிக்குமென்றுதான் திரும்பவில்லை. அது அவனுக்கு இன்னும் எரிந்தது.

ஆனால் அவளுடையதிலும் ஒரு குறை இருந்தது. ஜாடியில் துளிர்க்கச் சம்மதித்தது ஒரே ஒரு பழைய ரகம். அதன் காய் கோலிக்குண்டு அளவு, யாரும் வாங்கமாட்டார்கள். இயக்குநர் இருவரையும் கூப்பிட்டார்.

"ஜீன் இவங்ககிட்ட இருக்கு. காய் உங்ககிட்ட இருக்கு. இவங்க செடி மகரந்தத்தை ஏழாம் எண்ல போட்டுக் கொடுங்க தரகரே. வர்ற கன்னுல ஜீன் இருந்தா அடுத்த பருவம் நம்முது. இல்லேன்னா மேலிடத்துல மாடி வேலையையே மூடிடச் சொல்லுவாங்க."

"அவர் கையில கொடுத்தா பிடிச்சுக்கும் சார்" என்றாள் மனைவி.

கத்தரிப் பூ தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். வெளி மகரந்தம் வேண்டுமென்றால், மொட்டு மலர்வதற்கு முன்னால், சாயங்காலமே அதைப் பிரித்து உள்ளேயிருக்கும் மஞ்சள் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட வேண்டும். மறுநாள் காலை வெளி மகரந்தம் தடவி உறை போடவேண்டும். மலர்ந்த பூவில் என்ன தடவினாலும் பயனில்லை. அதற்குள் பூவின் கதை முடிந்திருக்கும்.

அந்த வாரம் அவன் தினமும் மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போனான். காலையில் வந்து, முந்தின நாள் மலர்ந்த பூக்களாகப் பார்த்து, மஞ்சளைக் கிள்ளிப்போட்டு, அவள் கொடுத்த மகரந்தத்தைப் பக்குவமாகத் தடவி, உறை மாட்டினான். இடையில் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினான். மறுநாளும் மலர்ந்த பூவைத்தான் தேடினான்.

காய்கள் நன்றாகப் பிடித்தன. விதை எடுத்து முளைக்கப்போட்டார்கள். மனைவி ஒவ்வொரு கன்றிலும் இலை கிள்ளிச் சோதித்தாள். ஒன்றில்கூட ஜீன் இல்லை. எல்லாம் அப்பட்டமான ஏழாம் எண் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஜீன் மகரந்தத்துக்குள் இறங்கவில்லையோ, செடிக்குள் எங்காவது கழன்றுபோயிற்றோ என்று யோசித்தாள். ஜாடிச் செடிகளையெல்லாம் பிடுங்கி எரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்றாள். பிறகு, ரொம்ப நாளைக்கப்புறம், அவனிடம் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன தோணுது?"

அந்தக் கேள்வி இனித்தது. அவன் அதை அவசரமில்லாமல் அனுபவித்தான்.

"ஜாடியில வளர்ந்தது. எதை நம்புறது" என்றான்.

அவள் தலையாட்டினாள். தன் ஜீனைச் சந்தேகப்பட்டாள், பாக்டீரியாவைச் சந்தேகப்பட்டாள், தன் மூளையைச் சந்தேகப்பட்டாள். அவன் கையைச் சந்தேகப்படவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இயக்குநர் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். "எரிக்கிறதுன்னா அப்புறம் எரிச்சுக்கலாம். இந்தத் தடவை நீங்களும் கூட நின்னு பாருங்கம்மா."

அன்று சாயங்காலம் அவள் பாத்திக்கு வந்து அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"எந்த மொட்டு?"

அவன் யோசிப்பதற்குள் விரல் சரியான மொட்டைத் தொட்டுவிட்டது. உப்பிய, நுனியில் ஊதா கட்டிய, நாளைக்கு மலரப்போகிற மொட்டு.

"அது விரிஞ்சிருக்கே, அதுல செஞ்சா?"

"அது முடிஞ்சுபோன பூ. எப்பவும் சாயங்காலம்தான் கிள்ளணும். காலையில வந்தா..."

அவன் நிறுத்தினான். அவள் இடுக்கி மொட்டின் மேலேயே நின்றது.

"அந்த வாரம் பூரா நாம வெயிலோடயே கிளம்பிட்டோம்" என்றாள். குரல் உயரவில்லை.

அவன் உறைகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டான்.

"அடுத்த மொட்டைக் காட்டுங்க."

இருட்டும்வரை அவளே கிள்ளினாள். முதல் சிலதில் சூலகத்தை உடைத்தாள்; பிறகு உடைக்கவில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். மறுநாள் மகரந்தம் தடவியதும் அவள்தான்.

இந்தக் காய்களின் கன்றுகளில் பாதிக்குப் பாதி ஜீன் இருந்தது. நோய் வயலில் அவை நின்றன. இயக்குநர் பாத்திக்கே இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கைராசின்னா தரகர் கைதான். மொத தடவை என்னய்யா ஆச்சு?"

"வெயில் சார்" என்றாள் மனைவி. "மகரந்தம் செத்துப்போச்சு. இது அவர் செஞ்சது."

அவர் போனதும் அவன் கேட்டான்: "நீதான் செஞ்சேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, நீங்க செஞ்சப்ப மட்டும் ஏன் வரலைன்னு கேப்பாங்க."

அவள் ஜெயித்ததைக்கூட விழுங்கியிருப்பான். தன்னை இவ்வளவு சுலபமாகக் காப்பாற்றியதை விழுங்க முடியவில்லை.

காய் பழைய நீளத்துக்கு வர, கன்றுகளை இன்னும் சில தலைமுறை ஏழாம் எண்ணோடு கலக்கவேண்டும். அது அவன் வேலை. சாயங்காலங்களில் செய்கிறான், சரியாகவே செய்கிறான். அவன் இடுக்கியை எடுக்கிற நேரத்துக்கு அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து வரிசையின் தலைப்பில் நிற்கிறாள்.

"கால் வலிக்கப்போகுது. மேல போய் உக்காரேன்."

"இருக்கட்டும். நீங்க செய்யுங்க."

அவன் அடுத்த மொட்டைப் பிரிக்கிறான். அது இன்னும் விரியாத மொட்டுதானா என்று அவள் குனிந்து பார்க்கிறாள்.