மீட்டர் சொன்ன பொய்

அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. மேசை நிறைய மூடி கழற்றிய கம்ப்யூட்டர்கள், அவள் கையில் எப்போதும் கரண்ட் அளக்கும் மீட்டர். "கரண்ட் கம்மியா வருது போல" என்று யாராவது சொன்னால், "கம்மின்னா எவ்வளவு?" என்பாள். கல்யாணமான புதிதில், "உன்மேல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா" என்று ஆரம்பித்த கணவன் அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டதாகக் கதை உண்டு.

ஒரு நாள் தங்கை தன் கம்ப்யூட்டரை இடுப்பில் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு வந்தாள். தங்கைக்கு எம்பிராய்டரி கடை. அங்கே கம்ப்யூட்டரில் வரைந்ததைத் தைக்கும் மெஷின் பழசு. அதன் கேபிள் பொருந்துவது இந்தக் கம்ப்யூட்டர் முதுகில் இருக்கும் அகலமான சொருகுவாயில் மட்டும்தான். புதிய மதர்போர்டுகளில் அந்த வாயே கிடையாது.

"போட்டா ஃபேன் ஒரு மூச்சு சுத்துது, உடனே படுத்துக்குதுக்கா."

அக்கா உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியைத் தனியே கழற்றினாள். பச்சைக் கம்பியையும் கறுப்பையும் இணைத்து ஓடவிட்டு, சுமைக்கு ஒரு கார் பல்பை மாட்டினாள். மஞ்சள் கம்பியில் மீட்டர் பன்னிரண்டு வோல்ட் காட்டியது. வரவேண்டியதும் அதுதான். வேறு பவர் சப்ளையை மாட்டிப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. அது இருட்டில் கல் எறிகிற வேலை என்பாள்.

"பவர் சப்ளை பத்தரை மாத்துத் தங்கம்டி. போர்டுதான் போச்சு. இந்தப் பழைய போர்டு இனிமே எங்கயும் கிடைக்காது."

தங்கை, "அப்ப மெஷினும் போச்சு. நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போன்னு பழைய இரும்புக்காரன்கிட்ட சொல்லிடறேன். கடையைச் சாத்திட்டு உன் வீட்டுலயே உக்காந்துக்கறேன்" என்றாள்.

"மூணு வேளையும் சாப்பிடுவியா?" என்றான் உள்ளேயிருந்து கணவன்.

"நாலு வேளை, மாமா" என்ற தங்கை இரும்புக்காரனுக்குப் போன் போட்டு நாளைக்கு வரச் சொன்னாள்.

கணவன் டிவி ரிமோட்டோடு வந்தான். "இது வேலை செய்யல. செல் தீந்துடுச்சான்னு பாரு."

அக்கா அளந்தாள். ஒன்றரை. "செல் நல்லாத்தான் இருக்கு. ரிமோட்தான் போச்சு."

"உன் கையில என்னம்மா இன்னிக்கு, தொட்டதெல்லாம் போச்சுங்கற?"

அவன் பாக்கெட்டைப் பிரித்துப் புதுச் செல் போட்டான். டிவி உடனே அலறியது. அக்கா அந்தப் புதுச் செல்லைப் பிடுங்கி அளந்தாள். ஒன்று புள்ளி எட்டு.

"ஒன்றரை செல்லுல ஒண்ணு புள்ளி எட்டா? இப்படி ஒரு செல் எந்தக் கடையிலயும் விக்கமாட்டாங்களே!"

மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போன மாதம் கீழே விழுந்து திரையின் மூலை விரிசல் விட்டபோது, கணவன் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்திருந்தான். அதை நகத்தால் உரித்தாள். அடியில் சின்னதாக ஒரு பேட்டரிப் படம் மின்னிக்கொண்டிருந்தது. மீட்டரின் சொந்த பேட்டரி சாகக் கிடந்தது. அந்த நிலையில் அது எதை அளந்தாலும் கூட்டித்தான் காட்டும்.

"ஏங்க, இதையா மறைச்சு ஒட்டினீங்க?"

"நல்லா ஒட்டியிருக்கேன் பாத்தியா?"

மீட்டருக்குப் புது பேட்டரி போட்டு மஞ்சள் கம்பியை மறுபடி அளந்தாள். பத்தரை.

"சரியாத்தானே சொல்லியிருக்கே, பத்தரை மாத்துன்னு" என்றான் கணவன்.

தங்கை சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த திருகாணிகள் உருண்டன. அக்கா அலமாரியிலிருந்து வேறு பவர் சப்ளையை எடுத்து மாட்டினாள். விசிறி சுற்றியது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. நிற்கவில்லை. திரையில் தங்கை பாதியில் விட்டிருந்த மயில் தோகை விரித்தது.

தங்கை மறுபடி இரும்புக்காரனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, நாளைக்கு வரவேணாம். மெஷின் பொழைச்சுக்கிச்சு. வேணும்னா ஒரு மீட்டர் இருக்கு, தரவா?"

"அடியேய்!" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அக்கா தினமும் கடை திறந்ததும் மீட்டர் சரியா என்று பார்க்க முதலில் ஒரு புதுச் செல்லை அளப்பாள். அன்று தங்கையை வழியனுப்பிவிட்டுக் கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உன்மேல எனக்கு எவ்வளவு ஆசைன்னு இப்பவாவது சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. கூட்டியே சொல்லுங்க" என்றாள்.